பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு பட்டம்: உயர்கல்வி பற்றி நாம் நம்பும் சில தவறுகள்

சேர்வராயன் மலையடிவாரத்தில், வாணியாறு அணைத் தண்ணீரை நம்பி மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் விளையும் பகுதி பாப்பிரெட்டிப்பட்டி. பிளஸ் டூ முடித்த பிள்ளையை மேலே படிக்கவைக்க வேண்டுமென்றால் தருமபுரிக்கோ, மஞ்சவாடிக் கணவாய் தாண்டிச் சேலத்துக்கோதான் அனுப்ப வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. இன்று ஊரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அரூர், பென்னாகரம், காரிமங்கலம் என்று மாவட்டத்தின் மற்றப் பகுதிகளிலும் அரசுக் கல்லூரிகள் வந்துவிட்டன. 2008 முதல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரியும், 2013 முதல் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரியும் இயங்குகின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு. மாநிலத்தின் அளவு 80.1. அன்றிருந்த 32 மாவட்டங்களில் தருமபுரிக்கே கடைசி இடம். அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரி என்பது பல வீடுகளின் முதல் பட்டத்துக்கான வாசல்.

ஆனால் அந்த வாசலைப் பற்றி ஊரில் கேட்கும் பேச்சு வேறுமாதிரி இருக்கிறது. "கவர்மென்ட் காலேஜ்ல என்ன படிப்பு வந்துடும்?", "ஃபீஸ்தான் இல்லையே, அப்புறம் என்ன செலவு?", "அரசாங்கம் கோடி கோடியா கொட்டுது", "பணம் இல்லன்னா லோன் வாங்கிக்க வேண்டியதுதானே". டீக்கடையில் மட்டுமல்லாமல் அலுவலகங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இவை கேட்கின்றன. ஒவ்வொன்றும் பாதி உண்மை என்பதாலேயே எளிதில் பரவுகிறது. தரம், செலவு, அரசு நிதி ஆகிய மூன்றையும் தனித்தனிச் செய்திகளாகப் பார்ப்பதுதான் இத்தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் என்பது என் முடிவு. மூன்றும் சந்திக்கும் இடம் ஒன்று. அது வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்.

கட்டணம் குறைவு என்றால் தரமும் குறைவா?

விலை உயர்ந்தால் பொருள் நன்றாக இருக்கும் என்பது சந்தை கற்றுத்தந்த பாடம். கல்விக்கு அதை அப்படியே பொருத்தினால் கணக்கு பிசகும். சென்னை மாநிலக் கல்லூரி 1840-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. தேசிய நிறுவனத் தரவரிசையில் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்தியக் கல்லூரிகளில் மூன்றாம் இடம் பெற்றது. இளநிலை மாணவர்களிடம் கற்பிப்புக் கட்டணமே வாங்காத கல்லூரி அது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு முறைகேட்டை வெளிக்கொண்டுவந்தது. 2023-24 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தனர் என்பதே அது. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கி முறைகேடு நடந்திருப்பதை ஒப்புக்கொண்டது. ஒரே ஆளைப் பல கல்லூரிகளின் கணக்கில் எழுதினால் இணைப்பு அங்கீகாரம் கிடைக்கும், இடங்கள் கிடைக்கும், கட்டணமும் வரும். வகுப்பில் ஆசிரியர் மட்டும் இருக்கமாட்டார். பெற்றோர் கட்டிய பணம் அந்த வெற்று நாற்காலிக்கும் சேர்த்துத்தான்.

தரச்சான்றே கைகொடுக்கும் என்று நம்புவோரும் உண்டு. 1994-இல் பெங்களூருவில் நிறுவப்பட்ட நாக் எனும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை வழங்கும் ஏ டபிள் பிளஸ் குறியீடு இன்று கல்லூரி விளம்பரப் பலகைகளில் மின்னுகிறது. 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தின் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உயர் தரக்குறியீடு தர லஞ்சம் வாங்கியதாக அந்த அவையின் ஆய்வுக்குழுவினரை சிபிஐ கைது செய்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். சான்றிதழ் ஒன்றையே வைத்துத் தரத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இந்த வழக்கு எழுப்பியிருக்கும் ஐயமே போதுமானது.

தரவரிசை எதை அளக்கிறது?

தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு 2015-இல் அறிவிக்கப்பட்டு 2016-இல் முதல் பட்டியலை வெளியிட்டது. ஒட்டுமொத்தப் பட்டியலில் கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெறுவோரின் விளைவுகளுக்கு 20, எல்லாரையும் உள்ளடக்குவதற்கு 10, பிறர் மதிப்பீட்டுக்கு 10 என்று எடை போடுகிறார்கள். விண்ணப்பிக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் தரப்படும்.

நல்ல மதிப்பெண்ணோடு வரும் நகரத்து மாணவியை நல்ல மதிப்பெண்ணோடு அனுப்பும் கல்லூரியையும், வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திராத ஒரு பெண்ணை மூன்று ஆண்டுகளில் பட்டதாரியாக்கும் கல்லூரியையும் இந்த அளவுகோல் ஒரே தட்டில் வைக்கிறது. மாணவர் எங்கே தொடங்கினார், எங்கே வந்து சேர்ந்தார் என்ற இடைவெளியை அது அளப்பதில்லை. பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களின் கல்லூரிகள் செய்யும் வேலையே அந்த இடைவெளியைக் கடக்க வைப்பதுதான். பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்து அந்த வேலையை மட்டம் தட்டுவது அநியாயம். அதே நேரத்தில், அரசுக் கல்லூரி என்பதாலேயே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லவும் நான் வரவில்லை. அங்கே இருக்கும் குறை எது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

கட்டணம் இல்லை என்றால் செலவும் இல்லையா?

2007-08 முதல் தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் ரத்து செய்யப்பட்டது. பெரிய முடிவு. ஆனால் கற்பிப்புக் கட்டணம் என்பது படிப்புச் செலவில் ஒரு பகுதிதான். தேர்வுக் கட்டணம் உண்டு. புத்தகம், செல்போன், இணையம் உண்டு. மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு விடுதி வேண்டும்; விடுதி கிடைக்காவிட்டால் வாடகை அறை. பேருந்துக்குச் சலுகை அட்டை இருந்தாலும், கல்லூரி நேரத்துக்குப் பேருந்து வரவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அது எந்த ரசீதிலும் வராது. பதினெட்டு வயதுப் பையன் திருப்பூருக்கோ பெங்களூருவுக்கோ போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் மூன்றாண்டுச் சம்பளம்தான் அது. காட்டு வேலைக்கும் களையெடுப்புக்கும் ஒரு கை குறைவதும் அதில் சேரும். கூலியை நம்பிய வீட்டுக்கு, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது என்பது அந்த வருமானத்தை விட்டுக்கொடுப்பது. பெண் என்றால் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. படிப்பை நிறுத்திய மறுநாளே கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும்.

2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. இவற்றை இலவசம் என்று எள்ளி நகையாடுவோர், கட்டணமில்லாக் கல்லூரிக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த ஆயிரம் ரூபாய், இழந்த கூலியில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருகிறது. அதைவிட முக்கியமாக, பெண் தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் பணம் பெறுகிறாள். படிப்பை நிறுத்தினால் அதுவும் நிற்கும் என்பதால், படிப்பைத் தொடர வீட்டுக்குள் அவளுக்குச் சாதகமாக ஒரு வாதம் கிடைக்கிறது.

கடன் வாங்கிப் படிக்கலாமே?

இங்கிலாந்தில் 1998-இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டாகத் தொடங்கிய பல்கலைக்கழகக் கட்டணம் 2006-இல் 3,000 ஆகவும், 2012-இல் 9,000 ஆகவும் உயர்ந்தது. ஆனால் அங்கே மாணவர் வேலைக்குப் போய், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். ஜெர்மனியோ 2014-இல் கடைசி மாநிலமும் கட்டணத்தைக் கைவிட்டதோடு வேறு வழிக்குப் போனது.

நம் நாட்டு வங்கிக் கடன் அப்படியன்று. வழக்கமாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்று அது கேட்காது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்போருக்கு நடுவண் அரசு தரும் வட்டி மானியம் தொழிற்கல்விப் படிப்புகளுக்கானது. 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், பிணையில்லாக் கடனைத் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்கிறது; அறிவிக்கப்பட்டபோது அவை 860. தரவரிசை அளக்காத கல்லூரியின் மாணவர் அந்தக் கடனுக்கும் வெளியே நிற்கிறார். வாசல் அருகே இருப்பவருக்கே வாசல் இன்னும் அகலமாகத் திறக்கிறது. கடன் சிலருக்குக் கைகொடுக்கும். அதை அரசு நிதிக்கு மாற்றாக வைக்க முடியாது.

அரசுப் பணம் எங்கே போகிறது?

அரசு கொட்டிக் கொடுக்கிறது என்ற நம்பிக்கைக்கு வருவோம். 1964-66 கோத்தாரிக் குழு, தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1968 கல்விக் கொள்கை அதை ஏற்றது. 2020 கல்விக் கொள்கையும் அதையே மீண்டும் சொல்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நாடு அந்த அளவைத் தொடவில்லை.

இடையில் எண்ணமே மாறிப்போனது. பல்கலைக்கழகங்கள் தங்கள் நடைமுறைச் செலவில் முதலில் 15 விழுக்காட்டையும் பத்தாண்டுகளில் 25 விழுக்காட்டையும் தாமே திரட்ட வேண்டும் என்று 1990-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த புன்னையா குழு சொன்னது. 1997-இல் நடுவண் நிதியமைச்சகத்தின் மானியங்கள் குறித்த விவாத அறிக்கை உயர்கல்வியை, அரசு மானியம் பெறத் தகுதிகுறைந்த சேவைகளின் பட்டியலில் வைத்தது. 2017-இல் நடுவண் நிறுவனங்களுக்கு மானியத்துக்குப் பதில் கடன் தரும் உயர்கல்வி நிதி முகமை வந்தது. படித்தவருக்கே பயன், ஆகவே அவரே கட்டட்டும் என்ற வாதம் படிப்படியாகக் கொள்கையாகிவிட்டது.

இதன் விளைவை 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டோம். 424 கோடி ரூபாய் வரி நிலுவை என்று வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. பெருமளவு அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனம் என்றால் வருமான வரியிலிருந்து விலக்கு உண்டு. அரசு மானியம் பாதியைத் தாண்ட வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டவில்லை என்பது துறையின் வாதம். 1857-இல் தொடங்கிய ஓர் அரசுப் பல்கலைக்கழகம், அரசு தந்த பணம் போதாததால் அரசு நிறுவனம் என்ற சலுகையை இழக்கும் நிலைக்கு வந்தது.

இன்னொரு தவறான எண்ணம், அரசுப் பணம் அரசுக் கல்லூரிக்கு மட்டும் போகிறது என்பது. நடுவண் அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கல்லூரிகளில் 65.3 விழுக்காடு உதவிபெறாத் தனியார் கல்லூரிகள். அவற்றில் படிப்போர் 44.5 விழுக்காடு. அரசுக் கல்லூரிகள் 21.5 விழுக்காடுதான், ஆனால் 34.8 விழுக்காட்டு மாணவர்களைத் தாங்குகின்றன. தமிழ்நாட்டில் 2010-இல் தொடங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை, 2021 முதல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் முழுக்கட்டணத்தையும் அரசே ஏற்பது, பட்டியலின, பழங்குடி மாணவருக்கான கல்வி உதவித்தொகை ஆகிய மூன்றும் தனியார் கல்லூரிகளுக்கும் போய்ச் சேருகின்றன.

இத்திட்டங்கள் இல்லாவிட்டால் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் பொறியியல் கல்லூரியின் உள்ளே போயிருக்கவே முடியாது. அவற்றைக் குறைக்கச் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். என் கவலை வேறு. மாணவரின் கையைப் பிடித்துப் பணம் போகிறது. வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறாரா என்று அந்தப் பணம் கேட்பதில்லை. ஆசிரியர் இல்லாத கல்லூரிக்கு அரசே கட்டணம் கட்டும் நிலை, மேலே சொன்ன 353 பேர் முறைகேட்டில் பொதுப்பணமும் கலந்திருக்கக்கூடும் என்ற அச்சத்தைத் தருகிறது.

எண்ணிக்கை உயர்ந்தால் கடமை முடிந்ததா?

2021-22-இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்திய அளவு 28.4. 2035-க்குள் 50 என்று 2020 கல்விக் கொள்கை வைத்த இலக்கை நாம் ஏற்கெனவே நெருங்கிவிட்டோம். பெருமைப்பட வேண்டிய எண்ணிக்கை. ஆனால் அதை நூறு இளைஞரில் 47 பேர் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படிக்கக் கூடாது. எந்த வயதினராயினும் சேர்ந்திருப்போரை எல்லாம் கூட்டி, 18 முதல் 23 வயதுவரை உள்ளோரின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது அது. தொலைநிலைக் கல்வியில் படிப்போரும், வெளிமாநிலத்திலிருந்து இங்கு வந்து படிப்போரும் அதில் அடக்கம். சேர்ந்தவரில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள், என்ன கற்றார்கள் என்பதை அது சொல்லாது.

பலகையும் ஆசிரியரும்

இனி, அரசுக் கல்லூரிகளின் உண்மையான குறைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 170-க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களின் தலையில் சுமத்தப்பட்டிருந்த 41 உறுப்புக் கல்லூரிகளை அரசுக் கல்லூரிகளாக மாற்றும் அறிவிப்பு 2018-இல் வந்தது. அதன்பின் புதிய கல்லூரிகளும் வந்தன. பலகைகள் கூடின, நிரந்தர ஆசிரியர்கள் அதே வேகத்தில் கூடவில்லை.

2013-இல் 1,093 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. 2019-இல் வந்த அறிவிப்பு நியமனத்தில் முடியாமலே கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு நடக்கவில்லை. இந்த இடைவெளி முழுவதையும் தோளில் சுமந்தவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். 7,000-க்கும் மேற்பட்டோர். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 11 மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வகுத்த நெறியோ ஒரு வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்கிறது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதே தகுதியோடு, அதே பாடத்தை, அதே வகுப்பில் நடத்துபவர்களுக்கு இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு.

இவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்; இவர்கள் இல்லாவிட்டால் பாதிக் கல்லூரிகளில் வகுப்பே நடந்திருக்காது. ஆனால் அடுத்த ஆண்டு இந்த வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரால் ஆய்வகத்தை ஆண்டுதோறும் வளர்த்தெடுக்க முடியாது. ஆய்வு மாணவரை வழிநடத்தும் உரிமையும் ஆய்வு நிதியும் எளிதில் வாய்க்காது. முதல் ஆண்டில் தடுமாறிய பிள்ளை மூன்றாம் ஆண்டில் எப்படி இருக்கிறாள் என்று கவனிக்க அதே ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும். வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத பிள்ளைக்கு அந்த ஆசிரியர்தான் எல்லாம்.

தரச்சான்று அவையின் மதிப்பெண்ணில் முழுநேர ஆசிரியர் எண்ணிக்கையும் ஆராய்ச்சியும் சேரும். அந்த மதிப்பெண் நிதியுதவிகளுக்கும் வழி திறக்கும். ஆக, நிரந்தர ஆசிரியர் இல்லாததால் மதிப்பெண் குறைகிறது, மதிப்பெண் குறைவதால் நிதி குறைகிறது, நிதி குறைவதால் ஆசிரியர் வருவதில்லை. கடைசியில் ஊர் சொல்கிறது: "கவர்மென்ட் காலேஜ்ல என்ன படிப்பு வந்துடும்?" தரக்குறைவு என்று நாம் அழைப்பது பெரும்பாலும் நிதிக்குறைவின் இன்னொரு பெயர்.

யாருக்குப் பயன்?

1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், பெண் சிசுக்களைக் காப்பதற்காக 2001-இல் தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. பெண் குழந்தை பிறந்ததே சுமையாகக் கருதப்பட்ட மண் இது. அதே மண்ணில் இன்று ஒரு பெண் பாப்பிரெட்டிப்பட்டிக் கல்லூரியில் இளங்கலை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அந்தப் பயனை அவளது தனிச் சம்பாத்தியமாக மட்டும் கணக்கிட முடியுமா? அவளுடைய மகள் பள்ளிக்குப் போவது, கல்யாணம் சில ஆண்டு தள்ளிப்போவது, ஊருக்கு ஓர் ஆசிரியையோ செவிலியரோ கிராம நிர்வாக அலுவலரோ கிடைப்பது ஆகியவை எல்லாம் ஊருக்கே சேரும் பயன். பலருக்குப் பயன் தரும் ஒன்றின் செலவைப் பலரும் பகிர்ந்துகொள்வதே நியாயம். பொதுநிதி என்பதன் பொருளும் அதுதான்.

ஆகவே நம் கேள்வியை மாற்றிக்கொள்வோம். புதிய கல்லூரி அறிவிக்கப்படும்போது கட்டடத்துக்கு எத்தனை கோடி என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை நிரந்தர ஆசிரியர் பணியிடம், எந்த மாதத்துக்குள் நிரப்பப்படும் என்றும் கேட்போம். தனியார் கல்லூரிக்கு அரசு கட்டும் ஒவ்வொரு கட்டணத்தோடும் அங்குள்ள ஆசிரியர் பட்டியலை வெளியிடச் சொல்வோம். மே மாதச் சம்பளமும் சேர்த்துக் கௌரவ விரிவுரையாளருக்குப் பன்னிரண்டு மாதம் கொடுக்கச் சொல்வோம். சட்டமன்ற உறுப்பினரிடமும், ஆண்டு வரவுசெலவு அறிக்கை வரும் நாளிலும் இதைக் கேட்கும் உரிமை பாப்பிரெட்டிப்பட்டியின் ஒவ்வொரு பெற்றோருக்கும் உண்டு. கேளுங்கள்.